நீங்கதான் சொன்னீங்க

வெளிநாட்டுத் தொடர்களுக்கு அடியில் இரண்டு வரியில் தமிழ் ஓடுமே, அதை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. கொழும்பில் ஒரு ஸ்டூடியோ படத்தை அனுப்பும். நான் மாத்தளையில் வீட்டிலிருந்தபடியே கேட்டு, தமிழாக்கி, எந்த வரி எந்த நொடியில் வரவேண்டும் என்று பொருத்தித் திருப்பி அனுப்புவேன். காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றையும் அவர்களே தந்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டிவிட்டால், சந்தைப் பக்கம் பஸ்கள் விடாமல் ஹோர்ன் அடிப்பதுகூடக் கேட்காது.

நாங்கள் இருப்பது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மாடியில், வாடகைக்கு. இரண்டு அறை, ஒரு குசினி. கணவருக்கு சீகிரியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நானும் என் மகளும்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பகல் பன்னிரண்டு மணிக்கு முன்பே நர்சரி விட்டுவிடும். சோறு கொடுத்துவிட்டு நான் மேசையில் உட்காருவேன். அவள் என் காலடியில் பாயைப் போட்டுக்கொண்டு படம் வரைவாள்.

அந்த வருஷம் ஒருநாள் குளிக்கும்போது என் இடது மார்பின் ஓரத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஜாதிக்காய்க் கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார்: "வலியே இல்லடி, கூடைக் கயிறு உரசி உரசித் தடிச்சுப் போச்சு." ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் அம்மா. யாருக்கும் காட்டாமல் சட்டைக்குள் வைத்திருந்து, அது புண்ணாகி மணக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்குப் பதினாலு வயது நடக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். என் மகள் தன் அம்மாயியைக் கண்டதே இல்லை.

மிட்வைஃப் மிஸ்ஸிடம் மட்டும் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல், கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்தார். அதைக் கொண்டுவந்து அலமாரியில் கூறைச்சேலையின் மடிப்புக்குள் வைத்தேன். அடுத்த கிழமை போகலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அதையேதான் நினைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

அந்த நேரத்தில்தான் ஸ்டூடியோவிலிருந்து அந்தத் தொடர் வந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்து விஞ்ஞானக் கதைகள், கிழமைக்கு ஒரு கதையாக முடிகிற வகை. அதில் ஒரு கதை, மற்றவர்கள் மனதில் நினைப்பதைக் கேட்கக்கூடிய ஒரு சிறுமியைப் பற்றியது. அவளுடைய அம்மா ஒரு விடுதி நடத்துகிறாள். தங்க வருகிறவர்கள் வாயைத் திறக்கும் முன்பே இந்தப் பிள்ளை பதில் சொல்லிவிடும். முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு டாக்டர் வந்து சீட்டுகளை மறைத்து வைத்துக்கொண்டு அவளைச் சோதிக்கிறார். அவர் தன்னைக் கொண்டுபோக நினைப்பது அவளுக்குக் கேட்டுவிடுகிறது. அதனால் வேண்டுமென்றே எல்லாவற்றையும் பிழையாகச் சொல்கிறாள். கடைசியில் வீட்டில் மிஞ்சுவது அம்மாவும் பிள்ளையும் மட்டும். மாடிப்படியில் நின்றுகொண்டு அந்த அம்மா மனதுக்குள் ஒரு வார்த்தை நினைக்கிறாள்: இவள் பிறக்காமலே இருந்திருக்கலாம். படியின் அடியில் நிற்கும் பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்க்கிறது.

அந்த ஒரு வரியில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். 'இவள் பிறக்காமலே' என்பதா, 'நீ பிறக்காமலே' என்பதா. மனதில் நினைக்கிற அம்மா பிள்ளையை எப்படிச் சொல்லுவாள்? எழுதினேன், அழித்தேன், திருப்பிப் போட்டுக் கேட்டேன். உண்மையில் வேலை தடைப்பட்டது தமிழால் இல்லை. கட்டி தட்டுப்பட்ட அன்று, ஈரத் தலையோடு குளியலறையில் நின்றுகொண்டு நானும் அதே மாதிரி ஒன்றை நினைத்திருந்தேன். இவள் ஒருத்தி இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காதே என்று. நினைத்த கையோடு தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

இரண்டாவது நாள் பின்னேரம், தண்ணீர் குடிக்க ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பாயில் குப்புறப் படுத்து ஒரு மீனுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்த மகள், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா, நான் பொறக்காமலே இருந்திருக்கலாமா?"

கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்துவிட்டேன். "யாரு பாப்பா அப்படிச் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்? நான் பேசவே இல்லையே."

"சொன்னீங்கம்மா," என்றாள், சாதாரணமாக. மீனின் வாலுக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அ, ஆ மட்டும் தெரியும். திரை இருந்தது என் முகத்துக்கு நேரே, அவள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில். படத்தின் சத்தம் என் காதுக்குள். அதுவும் ஆங்கிலம். நான் எல்லா வழியையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு வழிதான் மிஞ்சியது. அந்தக் கதைப் பிள்ளையைப் போல இவளுக்கும் நினைப்பது கேட்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நான் கண்ணை மூடி நின்றேன். வாயை அசைக்கவில்லை. இதை இப்போதும் நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் அன்று பக்கத்தில் தெரிந்தவர்கள் நின்றார்கள். மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"கட்டி கரைஞ்சு போகணும்னாம்மா கும்புடுறீங்க?"

உலகத்தில் மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. நான் குனிந்து, "என்ன கட்டி? உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் காதுக்குள் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மறுபடியும்.

அந்தக் கதையிலும் அந்தப் பிள்ளை அப்படித்தான் சொல்லும். அதற்கு நினைப்பதும் பேசுவதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். யார் கேட்டாலும், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நிற்கும். அந்த வரியை நான்தான் தமிழில் எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, என் பிள்ளையைச் சோதித்துப் பார்த்தது. குசினியில் அவளை முன்னால் நிறுத்தி, "அம்மா இப்ப ஒரு பழத்த நெனைக்கிறேன். என்ன பழம்னு சொல்லு பாப்போம்," என்றேன். மங்குஸ்தான் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாழப்பழம்?"

"இல்ல."

"மாம்பழம்?"

"இல்ல. நல்லா பாரு."

"தெரியலம்மா," என்றாள். பிறகு, "நான் பிழையா சொல்லிட்டனா?" என்றாள்.

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதையில் டாக்டரின் சீட்டுகளுக்கு அந்தப் பிள்ளை வேண்டுமென்றே பிழை சொன்னதுதான் ஞாபகம் வந்தது. என் மகள் சரியாகச் சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். பிழையாகச் சொன்னபோது அதைவிட அதிகமாகப் பயந்தேன். அப்போது என் புத்தி அந்த மாதிரி வேலை செய்தது.

அதற்குப் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு நாளை எப்படிச் சொல்வது. அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் எதையும் நினைக்காமல் இருக்கப் பழகினேன். பெருக்கல் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொன்னேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுகளைச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் திடீரென்று அம்மாவின் புண் வந்து நிற்கும். உடனே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். தலைவாரிவிடும்போது அவள் தலை என் மார்பில் படாமல் தள்ளிப் பிடித்தேன். மேசையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டும்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. படத்தில் பேசுகிறவர்களின் குரல் என் தலையை நிரப்பிவிடும், அங்கே என் நினைப்புக்கு இடம் இருக்காது என்று நம்பினேன். அவள் மட்டும் முன்பைவிட நெருங்கி வந்து, மேசைக்கு அடியிலேயே உட்காரத் தொடங்கியிருந்தாள்.

கீழ் வீட்டு அக்காவை நான் ராத்தா என்று கூப்பிடுவேன், அவர்தான் வீட்டுக்காரர். ஒருநாள் வட்டிலப்பம் கொண்டுவந்தவர் மகளைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, புள்ளட மொகம் இப்படி வாடிக் கெடக்குது?" என்று கேட்டார். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல் இருந்தது. பாதி சொன்னேன்.

"ராத்தா, நான் மனசுல நெனைக்கிறத இவ சொல்றா."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருக்கும். மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "சின்னப் புள்ளைகளுக்கு செலநேரம் அப்படி இரிக்கும். ஏழு வயசாகினா போயிரும். தண்ணி ஓதித் தாறன், குடுங்க," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே என்றுதான் ஓடியது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், சோறும் பருப்பும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. அவள் வாயில் வாங்கியதை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"நீங்க செத்துப் போனா நான் அப்பாகூட சீகிரியாவுல இருக்கவா, இல்லாட்டி தோட்டத்துல மாமா வீட்டுலயா?"

மாமா என்றால் என் தம்பி. அந்த ஒழுங்கில், அதே வார்த்தைகளில், நான் முந்தைய நாள் நினைத்திருந்தேன். அப்பாவோடு சீகிரியாவில் வைக்க முடியாது, அவர் இருப்பது ஹோட்டல் ஆட்களோடு ஒரே அறையில். தம்பி வீட்டில் வைத்தால் அவன் மனைவி எப்படிப் பார்ப்பாளோ. இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருந்தேன்.

நான் அவளை அடித்துவிட்டேன். சோற்றுக் கையாலேயே, கன்னத்தில். அதுவரை ஒருநாளும் அடித்ததில்லை. கன்னத்தில் பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. மெதுவாகக் கதிரையிலிருந்து இறங்கி, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சுவரோடு சாய்ந்து நின்று அவளையே பார்த்தேன். எனக்கு என் பிள்ளையிடம் பயமாக இருந்தது. கிட்டப் போகப் பயமாக இருந்தது. அந்த நாட்களில் இதைவிடக் கேவலமாக ஒன்றும் எனக்கு நடக்கவில்லை.

கணவருக்கு போன் எடுத்தேன். "வாங்க," என்று மட்டும் சொன்னேன். "பாப்பாவுக்கு ஏதாவதா?" என்று கேட்டார். "வாங்க," என்றேன் மறுபடியும்.

அவர் மறுநாள் லீவு சொல்லிவிட்டு, தம்புள்ளை வழியாக பஸ் பிடித்து மத்தியானம் இரண்டு மணி போல வந்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. அந்தத் தொடரின் கோப்பை அன்று எப்படியும் ஸ்டூடியோவுக்கு அனுப்பியாக வேண்டும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அடியில் மகள். எவ்வளவு நேரம் போனதோ, தோளில் ஒரு கை விழுந்தது. துள்ளிப்போனேன். அவர் நின்றார். பை இன்னும் தோளில் தொங்கியது. முகத்தில் இரத்தமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"யாரோட பேசிக்கிட்டு இருந்த?" என்றார்.

"யாரோடயும் இல்ல. வேலை செய்றேன்."

"இல்ல. நீ பேசுன. நான் கதவுகிட்ட பத்து நிமிஷமா நிக்கிறேன்." பையை இறக்கி வைத்தார். "என்ன கட்டி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. இவருக்கும் கேட்கிறதா என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு நொடி எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீதான் சொன்ன. இப்ப, இங்க உக்காந்துகிட்டு. மெதுவா, வாய்க்குள்ள சொல்ற மாதிரி, ஆனா எல்லாம் கேக்குது. படத்துல உள்ள வரிய ரெண்டு மூணு வாட்டி சொல்ற. அப்புறம் நிப்பாட்டாம வேற ஏதோ சொல்ற. கண்டிக்குப் போனா வெட்டிருவாங்கன்ற. அம்மா மாதிரியே ஆயிருச்சேன்ற. துண்ட சீலைக்குள்ள வச்சிருக்கேன்ற."

எழுதும் வரியை வாயால் சொல்லிப் பார்ப்பது எனக்கு வழக்கம்தான். ஒரு வரியைச் சொல்லி முடிக்க எத்தனை நொடி எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் என் சொந்த நினைப்பையும் அதே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. காது நிறைய வேறு ஆட்களின் குரல். என் குரலை நான் கேட்கவே இல்லை. எத்தனை கிழமையாக இப்படியோ.

"அது மட்டும் இல்ல," என்றார் அவர். "நீ பேசுற, அவ பதில் சொல்றா. நீ திரும்பிக்கூடப் பாக்கல."

மேசைக்கு அடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "நான் ஒவ்வொரு நாளும் சொல்றேன் அப்பா. அம்மாவுக்குக் கேக்கல."

"என்னடா பாப்பா சொன்ன?" என்று அவர் குனிந்தார்.

"அம்மா பயமா இருக்குன்னு சொல்லுவாங்க. நான் இருக்கேன்தானேன்னு சொல்லுவேன்."

நான் தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கன்னத்தைத் தடவினேன். அவள் என்னிடம் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். நீங்கதான் சொன்னீங்க என்று எத்தனை தரம் சொன்னாள். நான் அதைக் கேட்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு இன்னொரு பயம் வந்தது. நான் என்னவெல்லாம் சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பாப்பா, அம்மா வேற என்ன சொன்னேன்?"

அவள் விரலை மடக்கி யோசித்தாள். "அப்பா வர்றது பத்தாதுன்னு சொன்னீங்க. அம்மாயிகிட்ட நாத்தம் வந்துச்சுன்னு, நீங்க கிட்டப் போகலன்னு சொன்னீங்க." நிறுத்தினாள். "இன்னொன்னு சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"நீங்க அழுவீங்க."

கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் மேலே கேட்கவில்லை. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

அடுத்த கிளினிக் நாள் திங்கட்கிழமை. அவர் லீவை நீட்டினார். அதற்கு முன் மகளிடம் உட்கார்ந்து, வாய் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னோம். அம்மாவுக்கு ஒரு கட்டி இருக்கிறது, டாக்டர் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார், அது கெட்டதா நல்லதா என்று சொல்ல நாள் எடுக்கும். "கெட்டதுன்னா?" என்று கேட்டாள். "மருந்து இருக்கு. அம்மாயிகிட்ட யாரும் நேரத்தோட பாக்கல. அம்மாவ பாப்பாங்க," என்றார் அவர். அவள் அதைக் கேட்டுவிட்டு, "சரி," என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை சொல்கிற சரி அது இல்லை.

கண்டியில் எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் இளம் பெண். சிங்களத்தில்தான் பேசினார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டபோது எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. கணவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. ஊசி போட்டு எடுத்தார். முடிவுக்கு மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்.

அந்த மூன்று கிழமையும் நான் வேலை செய்யவில்லை. பயம் குறையவில்லை. ஆனால் ஒளித்து வைக்காத பயம் கொஞ்சம் இலேசாக இருந்தது. பயம் வரும்போது மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, அம்மாவுக்கு இப்ப பயமா இருக்கு," என்பேன். அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். சில நேரம் அவளும், "எனக்கும்," என்பாள். இதைப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் வைப்பது இனி முடியாத காரியம்.

முடிவு வாங்கப் போன அன்று மூன்று பேரும் போனோம். டாக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு, அது கெட்ட கட்டி இல்லை என்றார். ஆனால் என் அம்மாவுக்கு இருந்தபடியால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கணவர் அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, அதே பதிலை வாங்கினார்.

வெளியே வந்ததும் மகளிடம் சொன்னேன். "கெட்டது இல்லையாம் பாப்பா."

"அம்மா சாகமாட்டீங்களா?"

"இப்ப இல்ல."

மாத்தளை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக ஏறி உட்கார்ந்தோம். பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும் முன்பே அவள் தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது. குலுக்கினாலும் எழும்பாத தூக்கம். மாத்தளையில் இறங்கும்போது அவர் தோளில் போட்டுக்கொண்டார். சந்தை இரைச்சலுக்குள்ளால் தூக்கிக்கொண்டு வந்து, மாடியேறி, பாயில் கிடத்தினோம். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் புரண்டு படுத்தாள். பின்னேரம் முழுக்க அப்படியே கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.